துரைக்கு அம்மை போட்டபோது

உப்புத் தண்ணீரில் வாழ்கிற மீனுக்கு உடம்பில் உப்புப் பூக்கும் என்று ஒரு பல் டாக்டர் முன்னால் நின்று அடித்துச் சொன்ன ஆள், எனக்குத் தெரிந்து இந்தக் கோயமுத்தூரில் நான் ஒருத்திதான். சொன்னதோடு நிறுத்தவும் இல்லை. "ஒசத்தி மீனுக்குத்தானுங்க இப்படிப் பூக்கும். மட்ட மீனுன்னா பூக்காதுங்க" என்று விளக்கமும் கொடுத்தேன். அவரும் நம்பினார். பல்லைப் பற்றிப் படித்தவர், பாவம், மீனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எனக்கும் தெரியாது என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. படிப்பு எட்டாவதோடு நின்றது. (கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவரைக் கேட்டால் கதையை வேறு மாதிரி சொல்வார்.) அப்பா நாங்கள் பொடிசாக இருந்தபோதே போய்விட்டார். உக்கடத்தில் என் அண்ணன் மீன் கடை வைத்திருந்தான். தின்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன். பக்கத்திலேயே மீன் மார்க்கெட் இருந்ததால் பையும் கையுமாக உள்ளே வந்து, தொட்டியில் ஓடுகிற தங்க மீனைக் காட்டி, "இது கொழம்புக்கு ஆகுமுங்களா?" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அண்ணன் சலிக்காமல், "ஆகாதுங்க, முள்ளு சாஸ்தி" என்று அனுப்பிவைப்பான்.

அவனுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது ஆர்.எஸ்.புரத்தில், டாக்டரம்மாவின் பல் கிளினிக்கில் இருந்த கடல் மீன் தொட்டிதான். கடலே இல்லாத ஊரில் கடல் மீன்! மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வரும் கேரளா லாரிக்காரர்களிடம் கேன் கொடுத்துவிட்டு, கடல் தண்ணீர் பிடித்து வரச் சொல்வான். அதை வடிகட்டி, தெளியவைத்து, தொட்டியில் ஊற்றி, உள்ளே ஒரே ஒரு மீனை விட்டான். ஆரஞ்சு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள், நம் பெருவிரல் அளவு. கல் பொந்துக்குள் போவதும் வெளியே வந்து இடுப்பை ஆட்டிக்கொண்டு நிற்பதும், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் வெள்ளைக்காரத் துரை மாதிரி இருக்கிறதாம். அதனால் துரை என்றே பேர் வைத்தான்.

துரைக்கு அந்தக் கிளினிக்கில் ஒரு வேலை இருந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளைத் தொட்டி முன்னால் நிறுத்தி, "துரை வாயைத் தொறக்கறான் பாரு. நீயும் தொற பார்க்கலாம்" என்பார் டாக்டரம்மா. மீன் மூச்சு விட வாயைத் திறந்து மூடத்தானே செய்யும்? குழந்தையும் ஆவென்று பார்க்கும். அதற்குள் அவர் பல்லைப் பார்த்துவிடுவார்.

ஒரு மாசி மாதத்தில் அண்ணன் காய்ச்சல் என்று படுத்தான். ஒரு வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் வைத்துக்கொண்டார்கள். அவன் திரும்பி வரவில்லை.

அம்மா அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். கூப்பிட்டால் எழுந்து ஒரு வாய் தின்பாள், மறுபடியும் சுவரைப் பார்ப்பாள். எனக்கு அழுகையே வரவில்லை. பசிதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காரியத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சோற்றையெல்லாம் நான்தான் தின்றேன். துக்கம் கேட்க வந்த சித்தி ஒருத்தி, "இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று அடுத்தவள் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

கடையைத் திறந்த முதல் வாரம் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"செல்வி, இந்தத் தொட்டிய உன்னால பார்த்துக்க முடியுமா? முடியலைன்னா மறைக்காம சொல்லு. தொட்டிய எடுத்துட்டு ஒரு டிவி வெச்சுக்கறேன். தப்பா நெனைக்காதே."

நான் துரையைப் பார்த்தேன். தொட்டியை எடுத்தால் அவன் எங்கே போவான்? கடல் தண்ணீர்த் தொட்டி எங்களிடம் வேறு கிடையாது. கடை மீன்கள் விற்றுப்போகிறவை. அண்ணன் கையால் தீனி வாங்கித் தின்ற உயிர்களில் அம்மாவும் நானும் போக மிச்சம் அவன் ஒருத்தன்தான்.

"முடியுமுங்க" என்றேன்.

முடியும் என்று சொன்னவள் அண்ணன் செய்ததைச் செய்திருந்தால் போதும். எனக்கு அதற்கு மேலேயும் செய்துகாட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மெட்ராசுக்கு போன் போட்டு ஒரு புது மீன் வரவழைத்தேன். தெர்மோகோல் பெட்டிக்குள், காற்றடைத்த பையில் வந்து இறங்கினாள். சாசர் தட்டு மாதிரி அகலமான நீல உடம்பு, முதுகில் மஞ்சள் துடுப்பு. பட்டுச்சேலைக் கடை பொம்மைக்கு உடுத்தின மாதிரி ஒரு நிறம்! நீலா என்று பேர் வைத்தேன்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மீன் புதிதாக வந்தாலும், கடைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் டிரம்மில் தனியாகப் போட்டுவிடுவான். வாரக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். "புதுசா வந்தது மொதல்ல பொறத்தால இருக்கட்டும்" என்பான். அதை நான் அவனுடைய சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து பெட்டியை டிவிஎஸ் ஃபிஃப்டியில் வைத்துக் கட்டி, நேராகக் கிளினிக்குக்குப் போய், வெயிட்டிங் ஹாலே வேடிக்கை பார்க்க நீலாவைத் தொட்டிக்குள் விட்டேன். ஒரு தாத்தா கைகூடத் தட்டினார். டாக்டரம்மா, "அடேங்கப்பா! உங்க அண்ணனை மிஞ்சிட்டியே!" என்றார். (அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.)

சில நாள் போனது. வரவேற்பில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏய் செல்வி, இங்க வா. இவ மேல என்ன இது, ரவை கொட்டின மாதிரி?"

பார்த்தேன். நீலாவின் உடம்பிலும் துடுப்பிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கல்லில் போய்ப் போய் உரசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டாக்டரம்மாவும் வந்து நின்றார். அப்போதுதான் நான் அந்த உப்பு விளக்கத்தைக் கொடுத்தேன்.

"அப்போ எதுக்கு ஒரசிட்டே இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"உப்பைத் தேச்சுக் குளிக்கறாளுங்க."

ஸ்டெல்லா அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த முறை போனபோது துரைக்கும் பூத்திருந்தது. கண்ணைச் சுற்றி, வெள்ளைப் பட்டையில், ஆரஞ்சில், எல்லா இடத்திலும். செவுள் படக் படக் என்று அடித்துக்கொண்டது. தீனி போட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து வருஷமாக இதே உப்புத் தண்ணீரில் கிடக்கிறவனுக்கு இத்தனை நாள் பூக்காத உப்பு இன்றைக்கு எப்படிப் பூக்கும் என்று என் மரமண்டையில் உறைத்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து, அம்மாவின் முதுகைப் பார்த்து உட்கார்ந்தேன். சொல்ல வேறு யாரும் இல்லை.

"அம்மா, துரைக்கு ஒடம்பு செரியில்ல."

பதில் வராது என்று தெரியும். வந்தது.

"என்ன பண்ணுதாம்?"

"மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா பொரிஞ்சிருக்கும்மா."

"மூஞ்சிலயுமா?"

"மூஞ்சிலயும்தான். மெட்ராசுல இருந்து புதுசா வந்தவளுக்குத்தான் மொதல்ல. நான் உப்பு பூத்திருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

"வாய்க்கு ஏதாச்சும் திங்கறானா?"

"இல்ல."

"ஒரசிக்கிட்டே இருப்பானே?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"அரிக்குமல்ல." அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த முடியை அள்ளி முடிந்தாள். அதை முடிந்து பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவே இல்லை. "மடச்சி. ஆத்தா வந்திருக்கா. உப்பு பூத்திருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு வந்திருக்கற. கன்னத்துல போட்டுக்க."

போட்டுக்கொண்டேன்.

"வண்டிய எடு" என்றாள்.

தெருமுனை வேப்ப மரத்தில் ஒரு கிளையையே ஒடித்து மடியில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் உட்கார்ந்தாள். அது பங்குனி மாதம், மாரியம்மன் நோம்பி சமயம். எல்லாரும் எங்களுக்கு வழிவிட்டார்கள். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் பயபக்தியாக, "எந்தக் கோயலுக்குங்க?" என்று கேட்டார்.

"பல்லாஸ்பத்திரிக்குங்க" என்றாள் அம்மா.

கிளினிக்கில் சாயங்காலக் கூட்டம். நாற்காலி நிறைய ஆள். அம்மா செருப்பை வாசலிலேயே விட்டாள். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் விட்டார்கள். நேராகத் தொட்டி முன்னால் போய் நின்றவள், துரையைப் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"ஆத்தா! தாயே! எங்கூட்டுப் புள்ளைகிட்டயேவா வந்த!"

ஹாலே எழுந்து நின்றது. அம்மாவின் முதுகு மறைத்ததில் யாருக்கும் மீன் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அம்மாவும் வேப்பிலையும்தான். அதை அவள் தொட்டியின் மூடியில் செருகி, மிச்சத்தை டாக்டரம்மா அறை வாசல் நிலையில் தொங்கக் கட்டினாள். (ஆணி அங்கேதான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வாள். அது டாக்டரம்மா பேர்ப்பலகைக்கு அடித்த ஆணி.)

பின்னால் இருந்த ஒருவர் ரகசியமாக, "ஏனுங்க, டாக்டரம்மாவுக்கா அம்மை போட்டிருக்குது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்குங்க. ஒருத்தி வெளியூர்க்காரி. அவகிட்ட இருந்துதான் வந்திருக்குது" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முதலில் ஓடினாள். அவள் ஓடியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள் ஓடினார்கள். கன்னம் வீங்கியிருந்த ஒரு போலீஸ்காரர், "எனக்கு இப்ப வலி அவ்வளவா இல்லீங்க" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். வாசலில் செருப்பு மாறிப்போய் ஒரே சண்டை. ஸ்டெல்லா அக்கா கையைத் தூக்கி, "மீனுக்குங்க! மீனுக்குத்தான்!" என்று கத்தினார். அம்மை போட்ட வீட்டில் யார் நின்று விளக்கம் கேட்பார்கள்?

இதற்கு நடுவில் அம்மா என்னை ஏவினாள். "நாலு பேரு வந்து போற எடத்துல கெடக்கக் கூடாது. புடிச்சு வெளிய எடு."

ஸ்டூல் மேல் ஏறி வலையை விட்டேன். துரை பேசாமல் வந்தான், தெம்பு இல்லை. அவனைப் பைக்குள் விட்டேன். நீலாதான் வலைக்குச் சிக்காமல் ஓடினாள். தொட்டித் தண்ணீர் பாதி என் மேல், மீதி தரையில். கடைசியில் வலைக்குள் வந்தவள், தூக்கின உடனே ஒரே துள்ளு. நேராகப் போய் விழுந்தது பாத்திரக் கடை பாய் மடியில்.

கோட்டைமேட்டில் பாத்திரக் கடையும் பிளாஸ்டிக் சாமான் கடையும் வைத்திருந்த அந்த பாய், கடைவாய்ப் பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தார். அதனால்தான் அவரால் ஓட முடியவில்லை. வாயில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. வெள்ளை வேட்டியில் நீலாவைப் பார்த்துவிட்டு, "ழ்ழா... ழ்ழா..." என்று என்னவோ சொன்னார். ஆனால் மனிதர் பதறவில்லை. தோளில் இருந்த துண்டைத் தரையில் தேங்கிய தண்ணீரிலேயே நனைத்து, பூவைப் பொதிகிற மாதிரி அவளைப் பொதிந்து என்னிடம் நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. கையில் இடுக்கியுடன் டாக்டரம்மா நின்றார். நிலையில் தொங்கிய வேப்பிலை அவர் மூக்கில் இடித்தது. ஹால் காலி. தரையெல்லாம் கடல். ஸ்டூல் மேல் நான். தொட்டி முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டபடி அம்மா.

"என்ன இதெல்லாம்?"

"டாக்டர், அது வந்துங்க, உப்பு இல்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் நன்றாக இருக்காது. கடைசியாகச் சொன்னது மட்டும்: "ரெண்டையும் எடுத்துட்டுக் கெளம்பு. தொட்டி காலியாவே கெடக்கட்டும். மாசக் கடைசில டிவிக்காரனை வரச் சொல்லிக்கறேன்."

அம்மா கண்ணைத் திறந்தாள். "நீங்க கோவிச்சுக்காதீங்க அம்மணி. தொட்டி காலியாத்தான் கெடக்கோணும். எறங்கற வரைக்கும் அதுல ஆரையும் உடாதீங்க. வேப்பலைய நீங்களா எடுத்துப்போடாதீங்க" என்றாள். பிறகு பையை வாங்கி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பாய் மட்டும் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, பாதி வாயால், "புழ்ழைங்க பொழச்சுக்கும்" என்றார். அழுகை முட்டியது. அப்போதும் வரவில்லை.

வீட்டில் வாசலுக்கு வேப்பிலை கட்டியாயிற்று. தாளிப்பு நின்றது. பால்காரம்மா படிக்கு வெளியிலேயே நின்று ஊற்றிவிட்டுப் போனார். "ஆருக்குங்க?" என்று கேட்டவர்களிடம் அம்மா, "துரைக்கு" என்றாள். எங்கள் வீட்டில் துரை என்று யார் என்று யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரப் பையன் யாரோ வந்திருக்கிறான் என்று நினைத்து, பக்கத்து வீட்டு அக்கா தினம் ஒரு இளநீர் கொடுத்துவிட்டார். அம்மா வாங்கி வைப்பாள். குடித்தது நான்.

என்னுடைய பயமெல்லாம் அம்மா மீனுக்கு மஞ்சள் பூசிவிடுவாளோ என்பதுதான். வந்த அன்றே கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். காலில் விழாத குறையாகத் தடுத்தேன். "தண்ணிக்குள்ள மஞ்சள் போட்டா செவுள் அடைச்சுக்கும்மா, செத்துப்போயிருவான்." செத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். குழைத்த மஞ்சளை வாளிக்கு வெளிப்பக்கம் பூசிக்கொண்டாள். அது வரைக்கும் எனக்குச் சம்மதம்.

ஆனால் இன்னொன்றில் அவள் இறங்கி வரவே இல்லை.

"அம்மை போட்ட புள்ளைய ஒரே துணிலயா போட்டு வெப்பாங்க? பழைய தண்ணி ஆகாது. ஏனமும் வேற மாத்தோணும்."

அம்மா சொல்லி அனுப்பியதில், மறுநாளே பாய் கடையிலிருந்து புது பிளாஸ்டிக் தொட்டிகள் வந்து இறங்கின. கன்னம் வீங்கியபடி அவரே வண்டியில் கொண்டுவந்திருந்தார். "அம்மை கண்ட புள்ளைக்குப் புது ஏனம் குடுத்தா நன்மைங்க" என்று மட்டும் சொன்னார். கேரளா லாரியிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் சுமந்தேன். அம்மாவின் கணக்கு மனிதர்களுக்கு உள்ளதேதான். இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் புதுத் தொட்டி, புதுத் தண்ணீர். பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப்போட்டுவிடுவாள். கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றால், சொம்பில் மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

முதல் தண்ணீர் நாள் எனக்கு மறக்காது. வாசலில் வெயிலில் வைத்து வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், பேருக்கு ஒரே ஒரு வேப்பிலை. கடல் மீனை நல்ல தண்ணீரில் போடுவதா என்று எனக்கு உதறல். "கொஞ்ச நேரந்தான், ஊத்திப்போட்டு எடுத்தர்லாம்" என்று அம்மா துரையை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே விட்டாள்.

துரை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டான்.

"அம்மா! போச்சு!" என்று கையை விட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு கண்ணு. செவுள் ஆடுது பாரு. மூச்சு இருக்குது."

பார்த்தேன். ஆடியது. அம்மா குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். என்னிடமா, துரையிடமா, யாரிடமென்று தெரியவில்லை.

"அவனக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு, என்னைய இந்தப் பக்கம் நிக்க வெச்சாங்க. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். என்ற கையால ஒரு வாய்த் தண்ணி குடுக்க உடல. இவனுக்காச்சும் நான் ஊத்திக்கறேன்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, ஒட்டுமொத்தமாக வந்தது. மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். அம்மா ஒரு கையால் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கட்டால தள்ளி அழுவு. கண்ணீரு உள்ள உளுந்தா நல்ல தண்ணியும் உப்பாயிரும்" என்றாள்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அதற்குள் துரையைப் புதுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டாள். அவன் அடியில் கிடந்தான். பிறகு ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, உள்ளே போட்டிருந்த உடைந்த பூந்தொட்டி ஓட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். வெட்கப்படுகிறான் என்றாள் அம்மா.

இரண்டாம் தண்ணீருக்கு நீலா தீனி எடுத்தாள். புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலையில் துரை பூந்தொட்டி ஓட்டுக்கு வெளியே வந்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு, தீனி எங்கே என்கிற மாதிரி நின்றான். உடம்பில் ஒரு புள்ளி இல்லை. அம்மா அன்றைக்கு ரசம் தாளித்தாள். கடுகு வெடிக்கிற சத்தத்தை அவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை.

"இப்பவே கொண்டுபோய் உடக் கூடாது. அந்த எடத்துலயும் எறங்கோணும்" என்று அம்மா இன்னும் பல வாரம் தள்ளினாள். எனக்கும் அவசரமில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது? டிவியே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஸ்டெல்லா அக்கா கடைக்கே வந்துவிட்டார்.

"நல்லா ஆளுடி நீ! அங்க டாக்டர் உயிர எடுக்கறாங்க. ஓடுனவங்க அத்தனை பேரும் திரும்ப வந்துட்டாங்க. வர்றவங்கெல்லாம் பல்லக் காட்டறதுக்கு முன்னால, மீனு எப்படி இருக்குதுன்னுதான் கேக்கறாங்க. அந்தப் போலீஸ்காரரு ரெண்டு தடவ கேட்டுட்டுப் போயிட்டாரு. பொடுசுங்க ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குது. டிவியா? வாங்கி எதிர்ச் செவுத்துல மாட்டியாச்சு. அதப் பாத்தா வாய மூடிக்குதுங்க."

அம்மா துரையையும் நீலாவையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் தொட்டி காலியாக, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டு இருந்தது. மூடியில் அதே வேப்பிலை, காய்ந்து சருகாகி. அறை வாசல் நிலையிலும் அப்படியே.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இதை எடுக்கலாமா? நானா எடுக்கக் கூடாதுன்னீங்க. கதவு தொறக்கறப்பெல்லாம் மூக்குல குத்துது."

"எறங்கிட்டாளுங்க. இப்ப எடுக்கலாமுங்க" என்றாள் அம்மா. அவர் வேப்பிலையை அவிழ்த்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் என்னைப் பார்த்து, "உப்பு!" என்றார்.

மீன் விவரம் தெரிந்த ஒரு நண்பரிடம் அவர் பிற்பாடு விசாரித்திருக்கிறார். அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவதாம். உடம்பில் ஒட்டித் தோலைத் தின்றுவிட்டு, கீழே உதிர்ந்து, தரையில் குஞ்சு பொரித்து, மறுபடி மீனைத் தேடி ஏறுமாம். அது ஏறுவதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் தப்பிக்கும். பழைய தொட்டியில் வாரக்கணக்கில் மீனே இல்லாவிட்டால் பூச்சி பட்டினியில் ஒழியும். புது மீனை முதலில் தனியாக வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. (அண்ணனின் பிளாஸ்டிக் டிரம்!) "சரியாத்தான் செஞ்சிருக்காங்க, யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று அந்த நண்பர் கேட்டாராம்.

யார் குணப்படுத்தியது என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. டாக்டரம்மா பூச்சி பட்டினி என்கிறார். அம்மா ஆத்தா என்கிறாள். பாய், அவருடைய துண்டில் பொதிந்த நேரம் என்கிறார். நான் வாயைத் திறந்தால் எல்லாரும் சேர்ந்து, "உப்பு!" என்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசினால், "உனக்கு உப்புப் பூத்திருக்குது" என்பதுதான் இப்போது பேச்சு.

கடையை இப்போது அம்மாவும் நானும் பார்க்கிறோம். புதிதாக வருகிற எல்லா மீனும் நேராகப் பின்னால் அண்ணனின் டிரம்முக்குத்தான். அதில் வேப்பிலை கட்டியிருக்கும். வாடிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்து அந்த மீன்தான் வேண்டும் என்றால், அம்மா தர மாட்டாள். "அதுக்கு இன்னும் மூணாந் தண்ணி ஊத்தலைங்க. பொறவு வாங்க" என்பாள். திட்டிக்கொண்டே போவார்கள். திரும்பியும் வருவார்கள்.

போன தையில் என்னைப் பெண் பார்க்க சத்தியமங்கலத்திலிருந்து வந்தார்கள். பையனுக்கு என்னைப் பிடித்துப்போய், அப்போதே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவருடைய மாமா அவசரப்பட்டார். அம்மா நிதானமாகக் காப்பியை நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க. புதுசா ஆரு வந்தாலும் கொஞ்ச நாளு தனியா வெச்சுப் பாத்துட்டுத்தானுங்க நாங்க உள்ள சேத்துக்குவோம்."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். வரும்போதே கடையை எட்டிப் பார்த்திருந்த பையன் மட்டும் சிரித்துவிட்டு, "எங்கீங்க இருக்கோணும்? அந்த டிரம்முலயா?" என்றார்.

அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து கடல் தண்ணீர் கேன் தூக்குகிறார். இரண்டு தண்ணீர் ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.